உடைந்தவற்றின் ஊர்

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் கிளைக்கிராமம் ஒன்றில் சிற்றாலயத்தின் தரையை மாற்றினோம். மூன்று தலைமுறையினர் முழந்தாளிட்டுத் தேய்த்த, பூவேலை செய்த பழைய சிமெண்டுக் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. பளபளக்கும் புதிய கற்கள் பதிக்கப்பட்டன. உடைந்த கற்கள் ஆலயத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் குவிந்து கிடந்தன. மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள் அக்குவியலைச் சும்மா விடவில்லை. ஒரு வாரத்துக்குள் அங்கே யானை ஒன்று நின்றது. கல் அடுக்கி உடல். மிதிவண்டியின் தேய்ந்த டயரால் துதிக்கை. பிய்ந்த முறங்களால் காதுகள். சோடா மூடிகளால் கண்கள். முதுகின்மேல், தேங்காய்ச் சிரட்டையைத் தொப்பியாக அணிந்த பாகன் ஒருவனும் அமர்ந்திருந்தான்.

ஆயரின் வருகைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வளாகத்தைத் துப்புரவு செய்யுமாறு நாமே கட்டளையிட்டோம். வண்டி வந்தது, யானையும் பாகனும் குப்பையோடு குப்பையாகப் போயினர். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்தார். "அந்தக் கல்லுல ஒண்ணயாச்சும் எடுத்து வச்சிருக்கக் கூடாதா, சாமி? அதுமேல நின்னுதானே எனக்குத் தாலி ஏறுச்சு" என்றார். அவர் கோபமாகப் பேசவில்லை. கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அன்றிரவு, வடக்கே இமயத்தின் அடிவாரத்தில் உள்ள ஒரு தோட்டமும் அதைப் படைத்த மனிதரும் நம் நினைவுக்கு வந்தனர். பிறர் கழித்துப் போட்டவற்றைக் கொண்டு அவர் ஓர் ஊரையே எழுப்பியவர். அவருடைய வரலாற்றையும், அவரைப் போன்ற வேறு சிலரின் வரலாற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோடு போட்டுக் கட்டிய நகரம்

1947-இல் பஞ்சாப் மாகாணம் இரண்டாகப் பிளந்தது. அதன் பழம்பெருந் தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பகுதியில் எஞ்சிய பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. எல்லை கடந்து வந்த இலட்சக்கணக்கானோருக்கு வீடும் இல்லை. சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் புதிய தலைநகர் ஒன்றை எழுப்புவதென்று முடிவாயிற்று. அதுவே சண்டிகர்.

முதலில் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும், அவருடன் போலந்து நாட்டவரான நொவிட்ஸ்கியும் அந்நகருக்கு வரைபடம் வகுத்தனர். 1950-இல் நொவிட்ஸ்கி விமான விபத்தில் மாண்டார். அடுத்த ஆண்டு அப்பணி, உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கொர்புசியேயிடம் வந்தது. அவர் நேர்கோட்டுச் சாலைகளால் நகரைச் செவ்வகப் பகுதிகளாகப் பிரித்தார். தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர்நீதிமன்றம் ஆகியவை உடலுக்குத் தலைபோல நகரின் வடகோடியில் அமைந்தன. வணிகப் பகுதி இதயமாகவும் பூங்காக்கள் நுரையீரலாகவும் கருதப்பட்டன. பழைமையின் தளைகளினின்று விடுபட்ட புதிய இந்தியாவின் அடையாளமாக இந்நகர் விளங்கவேண்டுமென்று நேரு விரும்பினார். அந்நகருக்காக வகுக்கப்பட்ட ஆணையில், தனிமனிதர்களின் சிலைகளை நகரிலோ பூங்காக்களிலோ நிறுவலாகாது என்பதும் ஒரு விதி. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வரைபடம் விரித்த தாள் வெண்மையாக இருந்தது. ஆனால் நிலம் வெறுமையாக இருக்கவில்லை. மாந்தோப்புகளும் கிணறுகளும் சூழ, இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அங்கே இருந்தன. அரசு நிலத்தைக் கையகப்படுத்தியது; வீடுகள் இடிக்கப்பட்டன. அகதிகளுக்கு அடைக்கலம் தரவென எழுந்த நகரம், தன் அடித்தளம் போடும்போதே வேறு சிலரை அகதிகளாக்கிற்று. அவர்கள் சென்ற பின், உடைந்த பானைகளும் ஓடுகளும் வளையல் துண்டுகளும் இடிபாடுகளில் எஞ்சிக் கிடந்தன. புதிய சாலைகள் அவற்றின்மேல் அமையவேண்டும்.

சாலை ஆய்வாளர்

அந்தச் சாலைப் பணியை மேற்பார்வையிட்டவர்களுள் ஒருவர் நேக் சந்த் சைனி. 1924 டிசம்பர் 15-ஆம் நாள், ஷகர்கட் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பிரிவினையின்போது அவ்வட்டாரம் பாகிஸ்தானுக்குச் சென்றது. இருபத்திரண்டு வயது இளைஞர், பிறந்த மண்ணை இழந்து குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தார். 1951-இல் சண்டிகரில் பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளராகச் சேர்ந்தார். ஊரை இழந்து வந்த ஒருவர், பிறருடைய ஊர்கள் மறைவதை அன்றாடம் கண்டுகொண்டே தம் கடமையைச் செய்ய நேர்ந்தது.

1958 அளவில் அவர் சேகரிக்கத் தொடங்கினார். வேலை முடிந்ததும் மிதிவண்டியில் ஏறிச் சிவாலிக் அடிவாரத்து ஓடைகளுக்குச் செல்வார். நீர் உருட்டித் தேய்த்த கற்களுள் சில அவருக்குப் பறவையாகத் தோன்றும். சில குந்தியிருக்கும் மனிதராகத் தோன்றும். அவற்றை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு வருவார். இடிபாடுகளிலிருந்து பீங்கான் துண்டுகளையும் வளையல்களையும் ஓடுகளையும் பொறுக்குவார். சூளைகளிலும் உருக்காலைகளிலும் கழித்த கசடு, முடிதிருத்தும் கடைகளில் பெருக்கித் தள்ளிய மயிர், பழைய மிதிவண்டிகளின் எலும்புக்கூடு, உடைந்த குழல்விளக்கு, குப்பி மூடி என்று எதையும் அவர் விலக்கவில்லை.

நகரின் வடகோடியில், சுக்னா ஏரிக்கு அருகே, யாரும் கட்டடம் எழுப்பக்கூடாதென்று ஒதுக்கப்பட்ட காட்டுப்பகுதி இருந்தது. அதன் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே புதரை வெட்டி ஒரு குடிசை அமைத்தார். பொறுக்கியவற்றை அங்கே குவித்தார். 1965 அளவில் கட்டத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் லெ கொர்புசியே பிரான்சில் காலமானார். அவர் வகுத்த நகரின் விளிம்பில் அவருடைய விதிகளையெல்லாம் மீறிய மற்றொரு நகரம், ஒரு சாலை ஆய்வாளரின் கைகளில் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. பகலில் அரசுப்பணி, மாலையும் இரவும் இந்தப் பணி. விளக்கில்லாத அக்காட்டில் பழைய டயர்களைக் கொளுத்தி அவ்வொளியில் வேலை செய்தார். அவருடைய மனைவியையும் மிகச் சிலரையும் தவிர வேறெவருக்கும் இது தெரியாது. தெரிந்தால் வேலை போகும், படைத்ததும் தரைமட்டமாகும்.

அவர் உருவங்களைச் செய்த முறை எளிமையானது. முதலில் எலும்புக்கூடு: மிதிவண்டியின் சட்டமோ, வளைத்த இரும்புக் கம்பியோ. மிதிவண்டியின் இருக்கை ஒரு விலங்கின் தலையாகும். முன்கவை அதன் கால்களாகும். அந்தக் கூட்டின்மேல் சிமெண்டுக் கலவையை அப்பி உடலை உருவாக்குவார். இறுதியாகத் தோல். ஈரம் உலருமுன் வளையல் துண்டுகளையோ பீங்கான் சில்லுகளையோ நெருக்கமாகப் பதித்துவிடுவார். வளையல் பதித்த பெண்ணுக்குப் பட்டுடுத்தியது போன்ற மினுமினுப்பு வரும். மீனுக்குச் செதிலெழுதுவதுபோல வெள்ளைப் பீங்கானால் பறவைக்கு இறகு எழுதினார். காலியான எண்ணெய்ப் பீப்பாய்கள் வரிசையாக நின்று மதிலாயின. பீங்கான் மின்பொருத்திகள் சுவரில் பதிந்து கோலமாயின.

ஓர் உருவம் செய்தபின் அதேபோல் மற்றொன்று செய்வார், பிறகு மற்றொன்று. குடம் சுமக்கும் பெண்கள் ஒரு கூட்டம், குரங்குகள் ஒரு கூட்டம், வீரர்கள் ஒரு கூட்டம், ஆடுவோர் ஒரு கூட்டம். ஒவ்வொன்றும் அடுத்ததைப் போலவே இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒன்றின் முகம் மற்றொன்றுக்கு இல்லை. திருவிழாவுக்கு வந்த ஊர்மக்கள் தேரை எதிர்பார்த்து நிற்பதுபோல அவை நிற்கின்றன. சிறுவயதில் தாயிடம் கேட்ட அரசன் அரசியர் கதைகள் அவர் நெஞ்சில் இருந்தன. அந்த அரசைத் தாமே கட்டிவிட முனைந்தார் போலும். சிலைகள் கூடாதென்ற நகரத்தின் ஓரத்தில், பெயரில்லாத எளியோரின் சிலைகள் ஆயிரக்கணக்கில் நின்றன.

சட்டத்தின் முன்

1970-களின் முற்பகுதியில் அதிகாரிகள் இவ்விடத்தைக் கண்டறிந்தனர். அப்போது ஏறத்தாழ 12 ஏக்கர் பரப்பில் முற்றங்களும் பாதைகளும் மதில்களும் உருவங்களுமாக ஓர் ஊரே அங்கு இருந்தது. அரசு ஊழியர் ஒருவர் அரசு நிலத்தில், தடைசெய்யப்பட்ட காட்டுக்குள், அனுமதியின்றிக் கட்டியது. சட்டத்தின்படி அதை இடித்துத் தள்ளியிருக்கலாம். அவரைப் பணிநீக்கமும் செய்திருக்கலாம். அப்படிச் செய்தவரை யாரும் குறை கூறியிருக்கவும் முடியாது. காடு காக்கும் விதி வீணாகப் பிறந்ததன்று. அதை ஒருவருக்காகத் தளர்த்தினால் நாளை வேறொருவர் வந்து நிற்பார் என்ற அச்சமும் நியாயமானதே.

ஆனால் வந்து பார்த்தவர்களுள் எம். எஸ். ரந்தாவாவும் ஒருவர். தாவரவியல் அறிஞர், ஆட்சிப் பணியாளர், சண்டிகர் நகரின் மரஞ்செடிகளைத் திட்டமிட்டவர். விதிகளை அறியாதவரல்லர், அவற்றைக் காக்கும் இடத்தில் இருந்தவர். அவர் இத்தோட்டத்தைக் குற்றமாகக் காணவில்லை. அது காக்கப்படவேண்டுமென்று கருதினார். செய்தி பரவியது, மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். 1976-இல் அத்தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்த் சாலைப் பணியினின்று விடுவிக்கப்பட்டார். தோட்டத்துக்கென்றே ஒரு பொறியாளர் பதவியும் ஊதியமும் ஐம்பது தொழிலாளரும் அவருக்குத் தரப்பட்டனர். நகரின் கழிவுப்பொருள்களைத் திரட்டித் தர நிலையங்களும் அமைந்தன. 1983-இல் இந்திய அஞ்சல்துறை அத்தோட்டத்துக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒளிந்து செய்த பணிக்கு அரசே பட்டயம் தந்தது.

நிருவாகப் பொறுப்பில் இருப்பவர் எவரும் இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். கோப்பில் எழுதினால் அது ஆக்கிரமிப்பு. நேரில் சென்று நின்றால் அது பதினைந்து ஆண்டுக் கால உழைப்பு. கோப்பை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் அந்த முடிவில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இருந்திராது. நம் சிற்றாலயத்தின் யானையை வண்டியில் ஏற்றச் சொன்னபோது, நாம் வேப்பமரத்தடிக்குச் சென்று பார்த்திருக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். அதனை நமக்குச் சொன்னவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

குனிந்து நுழையும் வாயில்கள்

பல ஆண்டுகளுக்கு முன் பயிற்சி ஒன்றுக்காக வடநாடு சென்றபோது அத்தோட்டத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நேர்ச்சாலைகளில் நடந்து பழகிய கால்களுக்கு அங்கே எல்லாம் வளைவு. ஒரு முற்றத்தில் நிற்கும்போது அடுத்த முற்றம் தெரியாது. வாயில்கள் பல மிகத் தாழ்வானவை. உயரமானவரும் பதவியுள்ளவரும் குனிந்தே நுழையவேண்டும். குனிந்து நிமிரும்போது எதிரே அருவி கொட்டும், அல்லது பீங்கான் குரங்குகள் கூட்டமாக நம்மை உற்றுநோக்கும். எந்த உருவத்துக்கும் பெயர்ப்பலகை இல்லை, விளக்கவுரையும் இல்லை. பிற்காலத்தில் கட்டிய பகுதியில் உயர்ந்த வளைவுகளிலிருந்து ஊஞ்சல்கள் தொங்குகின்றன. நரைத்த தாடியுடைய சீக்கியப் பெரியவர் ஒருவர், பேரப்பிள்ளைகள் தள்ளிவிட, தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஆடியதை நாம் கண்டோம்.

அவ்வூஞ்சல் நமக்கு ஒன்றை உணர்த்திற்று. நேக் சந்த் நினைவுச்சின்னம் எழுப்ப வந்தவரல்லர். பிரிவினையின் துயரத்தைக் கல்லில் எழுதி அழவைக்க அவரால் முடிந்திருக்கும். அவர் விளையாட்டைத் தேர்ந்துகொண்டார். இழந்த ஊரில் அவர் கண்டவை குடம் சுமக்கும் பெண்களும் ஆட்டக்காரர்களும் ஒட்டகங்களும் குரங்குகளுமே. அவற்றை மீண்டும் படைத்து, அவற்றிடையே பிள்ளைகள் ஓடி விளையாட வழிவிட்டார். துயரத்தை அறியாத விளையாட்டு இலேசானது. துயரத்தைக் கடந்து வந்தவரின் விளையாட்டுக்குக் கனம் உண்டு.

எட்ட நின்று பார்க்கும்போதுதான் குப்பை ஒரே குவியலாகத் தெரிகிறது. குனிந்து பார்ப்பவனுக்கு ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவருடையது. ஒரு கையில் ஒலித்த வளையல். ஒரு வீட்டில் சோறு பரிமாறிய தட்டு. அத்துண்டுகளைப் பதித்தபோது நேக் சந்த் அழிந்த சிற்றூர்களின் மக்களுக்கே உருவம் கொடுத்தார் எனலாம். ஆயினும் உண்மையை மறைத்துப் புகழ்வது முறையன்று. வளையல்கள் தோட்டத்தில் வாழ்வு பெற்றன. வளையலுக்குரியவர்களுக்கு அவர்களுடைய வீடு திரும்பக் கிடைக்கவில்லை. அழகிய சிலை ஒன்று அநீதியைச் சரிசெய்துவிடாது. அது செய்யக்கூடியது ஒன்றே: நடந்ததை மறக்கவிடாமல் நம் கண்முன் நிறுத்துவது.

கடல் கடந்த உறவினர்

இந்த வேட்கை பஞ்சாபுக்கு மட்டும் உரியதன்று. பிரான்சின் ஒத்ரீவ் என்னும் சிற்றூரில் பெர்டினாண்ட் ஷெவால் என்ற அஞ்சல்காரர், கடிதம் கொண்டு செல்லும் வழியில் ஒரு விசித்திரமான கல்லில் கால் இடறினார். அன்றுமுதல் வழியெல்லாம் கல் பொறுக்கி, 1879 தொடங்கி 1912 வரை 33 ஆண்டுகள் தனியாளாக ஒரு கற்பனை அரண்மனையைக் கட்டி முடித்தார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய கூலித் தொழிலாளி சைமன் ரோடியா, வாட்ஸ் என்னும் எளியோர் குடியிருப்பில் தம் வீட்டு முற்றத்தில் 1921 முதல் 1954 வரை கோபுரங்களை எழுப்பினார். இரும்புக் கம்பிகளை வளைத்துக் கட்டி, சிமெண்டு பூசி, அதில் உடைந்த குப்பிகளையும் சிப்பிகளையும் ஓட்டுத் துண்டுகளையும் பதித்தார். மிக உயர்ந்த கோபுரம் ஏறத்தாழ 100 அடி. சாரம் கட்டவில்லை, தாம் கட்டிய கோபுரத்தின்மேலேயே ஏறி நின்று மேலும் கட்டினார். தம் படைப்புக்கு 'நம் ஊர்' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரை இட்டார். பின்னர் நிலத்தை அண்டைவீட்டாருக்குக் கொடுத்துவிட்டு வேற்றூர் சென்றுவிட்டார். கோபுரங்கள் ஆபத்தானவை என்று நகராட்சி இடிக்க ஆணையிட்டது. அவற்றைக் காக்க விரும்பியவர்கள் சோதித்துப் பார்க்கக் கோரினர். 1959 அக்டோபரில் 10,000 பவுண்டு விசையால் கோபுரம் இழுக்கப்பட்டது. கோபுரம் அசையவில்லை, இழுத்த கருவிதான் வளைந்தது.

கத்தோலிக்கராகிய நமக்கு மேலும் நெருங்கியவர் ஒருவர் உண்டு. அருட்சகோதரர் ஜோசப் ஸோட்டில், 1878-இல் ஜெர்மனியின் பவேரியாவில் லாண்ட்ஷுட் நகரில் பிறந்தவர். 1892-இல், சிறுவராக இருக்கும்போதே, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கல்மன் என்னும் ஊரிலுள்ள பெனடிக்ட் சபையின் புனித பெர்னார்டு மடத்துக்கு வந்துசேர்ந்தார். விபத்தொன்றின் விளைவாக அவருடைய முதுகு கூனிப்போயிற்று. அவர் குருவாகவில்லை, துறவுச் சகோதரராகவே வாழ்ந்தார். மடத்தின் கொதிகலன் கூடத்தில் நிலக்கரி அள்ளிப் போடுவதும் அளவுமானிகளைக் கண்காணிப்பதும் அவருடைய பணி. கரி போட்டபின் காத்திருக்கவேண்டிய நேரத்தில் சிறு கெபிகளைச் செய்யத் தொடங்கினார். பிறகு எருசலேமின் ஆலயங்கள். பிறகு உரோமையின் பேராலயம். அவற்றுள் பெரும்பாலானவற்றை அவர் நேரில் கண்டதில்லை. அஞ்சலட்டைகளையும் படங்களையும் பார்த்தே செய்தார்.

அவருக்குக் கிடைத்த பொருள்கள் எவை? சிமெண்டு, கல், கோலிக் குண்டு, கிளிஞ்சல், முகப்பூச்சு வைத்திருந்த காலிச் சிமிழ், உடைந்த கண்ணாடி. கழிவறைத் தொட்டியில் மிதக்கும் செம்புருண்டைகூட அவர் கையில் பேராலயக் குவிமாடமாயிற்று. 1933-இல் அப்பக்கத்தில் தடம்புரண்ட இரயிலில் உடைந்த சலவைக்கற்கள் மடத்துக்கு வந்தன. அவற்றைக் கொண்டு பெரிய கெபி எழுந்தது. மடத்தின் பழைய கற்சுரங்கத்தில், ஏறத்தாழ 4 ஏக்கர் பரப்பில், அவருடைய நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றுருவங்கள் நிறுவப்பட்டன. 1934-இல் அவ்விடம் 'ஆவே மரியா கெபி' என்று அர்ச்சிக்கப்பட்டது. 1958-இல், 80-ஆம் வயதில், லூர்து பேராலயத்தின் சிற்றுருவைத் தம் கடைசிப் படைப்பாக முடித்தார். 1961-இல் இறைவனடி சேர்ந்தார்.

மறைநூலில் அப்பங்கள் பலுகிய நிகழ்ச்சியை நாம் ஆண்டுதோறும் மறையுரையில் விளக்குகிறோம். எல்லாரும் உண்டு நிறைவடைந்த பின்னும், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கப்பட்டன என்னும் பகுதியை விரைவாகக் கடந்துவிடுகிறோம். புதுமை முடிந்துவிட்டது, துண்டுகள் எதற்கு என்று எண்ணுகிறோம் போலும். குருத்துவக் கல்லூரியில் இறையியல் பயின்ற ஆண்டுகளில் கற்றதைவிட, கொதிகலன் கூடத்தின் அந்தக் கூனல் முதுகுத் துறவி இப்பகுதிக்குச் சிறந்த உரை எழுதியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

மதிலின் கதை

படைத்தவர் புகழ்பெற்றால் படைப்பு பிழைத்துவிடும் என்று நாம் எண்ணக்கூடும். சண்டிகர்த் தோட்டத்தின் பிற்கால வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத்தினூடே சாலை அமைக்கும் முயற்சி எழுந்தது. மண்ணுந்தி இயந்திரங்களும் வந்தன. நகரமக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று மறித்தனர். வழக்கு மன்றத்திலும் தோட்டமே வென்றது. 1996-இல் நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்தபோது நிதியுதவி நிறுத்தப்பட்டது. தீயோர் சிலர் உள்ளே புகுந்து உருவங்களை உடைத்தனர். ஆர்வலர்கள் ஒன்றுகூடிக் கழகம் அமைத்து அதனைப் பேண முன்வந்தனர். பீங்கான் துண்டுகளால் ஆன உருவங்கள் மீண்டும் துண்டுகளாகிக் கிடந்ததைக் கண்டு அம்மனிதர் என்ன எண்ணினாரோ! அவர் மீண்டும் கலவை குழைத்தார்.

2015 ஜூன் 12-ஆம் நாள், 90-ஆம் வயதில் அவர் காலமானார். பத்தாண்டு கழிவதற்குள், 2025 மார்ச்சில், உயர்நீதிமன்றத்தை ஒட்டிய சாலையை அகலமாக்கவும் ஊர்திகள் நிறுத்த இடம் காணவும் தோட்டத்தின் மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மக்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினர். ஆயினும் மதில் விழுந்தது. நீதிமன்றத்துக்கு வருவோரின் நெருக்கடி பொய்யன்று. அவர்களுக்கும் வழி வேண்டும். ஆனால் சாலை போடுவதற்காக இடித்த ஊர்களின் துண்டுகளைக் கொண்டு ஒரு சாலை ஆய்வாளர் கட்டிய தோட்டம் அது. அதே காரணத்துக்காக அதன் மதிலே மீண்டும் இடிபாடாவதைக் காண்பவர் மனம் வருந்தாமல் இருக்க இயலாது.

எதையும் இடிக்கலாகாது என்று நாம் வாதிடவில்லை. நம் ஆலயத் தரை பழுதுபட்டிருந்தது, மாற்றத்தான் வேண்டியிருந்தது. நகரங்களுக்குச் சாலை வேண்டும். பள்ளிகளுக்குப் புதிய கட்டடம் வேண்டும். நாம் கேட்பது சிறியது. இடிக்குமுன் ஒருமுறை அருகே சென்று குனிந்து பார்க்கவேண்டும். எந்தத் துண்டின்மேல் யார் நின்றார்கள் என்று அங்கு வாழ்ந்தவர்களைக் கேட்கவேண்டும். குவியலைக் கொட்டிய பின் பிள்ளைகள் அதில் என்ன காண்கிறார்கள் என்பதையும் சில நாள் பொறுத்திருந்து பார்க்கவேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. நேரம் மட்டுமே செலவாகும். அந்த நேரத்தைத்தான் நாம் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

மூதாட்டி கேட்ட அந்த வாரத்திலேயே உபதேசியாருடன் கண்மாய்க் கரைக்குச் சென்றோம். வண்டி அங்கேதான் கொட்டியிருந்தது. ஒரு மணி நேரம் குனிந்து கிளறியபின், பூவின் பாதி மட்டும் தெரியும் ஒரு துண்டு அகப்பட்டது. கழுவித் துடைத்து அவர் வீட்டுக்கே கொண்டு சென்றோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவினார். "இது பீடத்துப் பக்கத்துக் கல்லு இல்ல சாமி, வாசப்பக்கத்துக் கல்லு" என்றார். பிறகு, "இருக்கட்டும்" என்று வாங்கி மாடத்தில் விளக்கருகே வைத்தார்.

யானையை நம்மால் மீட்க முடியவில்லை. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டோம்; அவர்கள் சிரித்தார்கள். அந்த வேப்பமரத்தடி இப்போது அவர்களுக்கென்று விடப்பட்டிருக்கிறது. சென்ற முறை நாம் போனபோது அங்கே முதலை ஒன்று படுத்திருந்தது. பழைய பனைமட்டைகளால் அதன் முதுகைச் செய்திருந்தார்கள். பல்லுக்கு ஏதாவது வேண்டுமென்று கேட்டார்கள். பங்கு இல்லத்தில் உடைந்த பீங்கான் கோப்பைகள் சில இருந்தன. எடுத்து வைத்திருக்கிறோம், அடுத்த ஞாயிறு கொண்டு செல்லவேண்டும்.